‘டோம்’: ஒரு பழைய ஆங்கிலச் சொல்லின் பொருளை இடமறிந்து காண முழுமையான வழிகாட்டி

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தை மூலத்திலேயே படிக்கத் தொடங்குபவர்கள் சில பக்கங்களுக்குள் ‘டோம்’ என்ற சொல்லைச் சந்தித்துவிடுவார்கள். இன்று அது ‘டூம்’ ஆகிவிட்டது. கேடு, அழிவு என்று பொருள். அந்தப் பொருளோடு பழைய ஏடுகளுக்குள் நுழைந்தால் வரிக்கு வரி தடுக்கும். சுமார் 1100 வரையிலான பழைய ஆங்கிலத்தில் ‘டோம்’ என்பது தீர்ப்பு, சட்டம், தண்டனை, புகழ், ஒருவரின் சொந்த விருப்பம், அதிகாரம் என்று இடத்துக்கு இடம் மாறும். அழிவு என்ற பொருள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

இத்தனை பொருள்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யாருடைய டோம், எந்த வினையோடு வருகிறது, எதனோடு கூட்டுச்சொல்லாகிறது என்ற மூன்றையும் பார்த்தால் பத்தில் எட்டு இடங்களில் பொருள் பிடிபட்டுவிடும். மீதி இடங்களில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அதற்கும் ஒரு எடுத்துக்காட்டு கீழே வருகிறது.

முதலில் வேரைப் பிடியுங்கள்

‘வை’, ‘நிறுத்து’ என்ற பொருள் கொண்ட மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து இந்தச் சொல் பிறந்தது. ஆங்கிலத்தின் ‘டூ’ என்ற வினையும், கிரேக்கத்தில் நியதியைக் குறிக்கும் ‘தெமிஸ்’ என்ற சொல்லும், சமஸ்கிருதத்தின் ‘தாமன்’ என்ற சொல்லும் அதே வேரின் கிளைகள். பரந்தாமன் என்ற பெயரில் நாம் அன்றாடம் சொல்லும் ‘தாமன்’ அதுதான்.

ஆகவே டோம் என்பதன் நடுப்பொருள் ‘வைக்கப்பட்டது’, அதாவது இதுதான் முடிவு என்று நிறுத்தப்பட்டது. நீதிபதி நிறுத்தினால் தீர்ப்பு. அரசன் நிறுத்தினால் சட்டம். ஒருவன் தனக்காகத் தானே முடிவு செய்தால் அவன் விருப்பம்.

புகழ் எப்படி இதற்குள் வந்தது என்பதுதான் புதிதாகப் படிப்பவர்களுக்குப் புரியாத இடம். ஸ்காண்டிநேவியாவில் பேசிய பழைய நோர்ஸ் மொழியின் ‘ஹாவமால்’ பாடல்களில் விடை இருக்கிறது. ஆடுமாடு சாகும், உறவு சாகும், நீயும் சாவாய். சாகாத ஒன்றை நான் அறிவேன், செத்த ஒவ்வொருவரையும் பற்றிய ‘டோம்ர்’ அது என்கிறது ஒரு பாட்டு. இறந்தவனைப் பற்றி ஊர் சொல்லும் தீர்ப்பு நல்லதாக இருந்தால் அதுவே அவன் புகழ். இந்தப் பாலம் தெரிந்துவிட்டால் தீர்ப்பும் புகழும் ஒரே சொல்லில் இருப்பது விந்தையாகத் தோன்றாது.

படி 1: சொல்வடிவத்தை அடையாளம் காணுதல்

டோம் ஆண்பால் பெயர்ச்சொல். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம்: டோம். ஆறாம் வேற்றுமை ‘டோமெஸ்’, நான்காம் வேற்றுமை ‘டோமெ’. பன்மையில் வரிசையாக ‘டோமஸ்’, ‘டோமா’, ‘டோமும்’. பெயர்ச்சொல்லுக்கு இந்த ஆறு வடிவங்கள்தாம்.

இங்கே நடக்கும் பிழைகள் மூன்று. ஒன்று, ‘டோமெ’ என்பதைப் பார்த்ததும் கோபுரத்தின் குவிமாடத்தைக் குறிக்கும் இன்றைய ‘டோம்’ என்று எண்ணிவிடுவது. குவிமாடச் சொல் லத்தீன் வழியில் பின்னாளில் வந்தது, இரண்டுக்கும் உறவில்லை. இரண்டு, நெடில் குறி பற்றிய குழப்பம். பழைய ஆங்கில ஏடுகள் பொதுவாக உயிரெழுத்தின் நெடிலைத் தனியாகக் காட்டுவதில்லை. நம் ஓலைச்சுவடிகளில் ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் இருந்தது போலத்தான். அச்சுப் பதிப்புகளில் எழுத்தின் மேல் தெரியும் கோடு பதிப்பாசிரியர் போட்டது. சில பதிப்புகளில் கோடு இருக்கும், சிலவற்றில் சாய்வுக் குறி இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. கணினியில் தேடும்போது குறியில்லாமல் தேடுவதே நல்லது.

மூன்றாவது பிழை வினைச்சொல்லைத் தவறவிடுவது. டோம் என்பதன் வினை ‘டேமன்’: தீர்ப்புச் சொல்லுதல். ஓகாரம் ஏகாரமானதற்குக் காரணம் உண்டு. மிகப் பழைய வடிவத்தில் அடுத்த அசையில் ஒரு ‘ய்’ ஒலி இருந்தது. அது முன்னிருந்த ஓகாரத்தைத் தன் பக்கம் இழுத்து ஏகாரமாக்கிவிட்டு மறைந்தது. இன்றைய ஆங்கிலத்தின் ‘ஃபூட்’–‘ஃபீட்’, ‘டூத்’–‘டீத்’, ‘கூஸ்’–‘கீஸ்’ எல்லாம் இதே மாற்றத்தின் பிள்ளைகள். ‘டூம்’–‘டீம்’ என்ற இணையும் அப்படித்தான். நெடில் ஓ ஊவாகவும் நெடில் ஏ ஈயாகவும் ஏறியது, ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் மொத்தமாக இடம் மாறிய காலத்தில்.

டேமன் குடும்பத்தில் ‘டேமா’, ‘டேமெரெ’ இரண்டும் நீதிபதி. ‘ஃபோர்டேமன்’ தண்டனை விதித்தல். ‘யெ’ என்ற முன்னொட்டு வந்தால் (யெடேமன்) பதற வேண்டாம். பெரும்பாலும் செயல் முடிந்ததைக் காட்டும். சில அகராதிகள் அதை முன்னொட்டின் கீழேயே வைத்திருக்கும், சில அதை நீக்கிவிட்டு மூலச்சொல்லின் கீழே வைத்திருக்கும். ஓரிடத்தில் கிடைக்காவிட்டால் மற்ற இடத்தில் பாருங்கள்.

படி 2: அகராதியைச் சரியான வரிசையில் பார்த்தல்

பாஸ்வொர்த் தொடங்கி டாலர் என்பவர் முடித்த பழைய ஆங்கில அகராதி 1898இலும் அதன் துணைத்தொகுதி 1921இலும் வெளிவந்தன. டோம் போன்ற சொல்லுக்கு முதன்மைத் தொகுதியை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. பாஸ்வொர்த் விட்டுச்சென்ற தொடக்க எழுத்துகளின் பகுதி பலவீனமானது. டாலர் துணைத்தொகுதியில் அவற்றைத்தான் மிகுதியாகத் திருத்தினார். ‘டி’ எழுத்து அந்தப் பகுதியில் விழுகிறது. எனவே இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அதைவிட நல்லது டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பழைய ஆங்கில அகராதி. எஞ்சியிருக்கும் பழைய ஆங்கில எழுத்து முழுவதையும், ஏறத்தாழ 30 லட்சம் சொற்களை, திரட்டி வைத்துக்கொண்டு எழுதப்படும் அகராதி அது. எழுத்து எழுத்தாக வெளியிட்டு வருகிறார்கள். முதலில், 1986இல், வெளிவந்ததே ‘டி’ எழுத்துதான். ஆகவே டோம், டேமன் இரண்டுக்கும் முழுப் பதிவு உண்டு. கிளார்க் ஹால் தொகுத்த கையடக்க அகராதி (முதற்பதிப்பு 1894) வடிவங்களைச் சரிபார்க்க உதவும். ஆனால் அது பொருள்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விடும். எந்தப் பொருள் எந்தச் சூழலுக்கு என்று சொல்லாது. அந்த வரிசையிலிருந்து பிடித்ததைப் பொறுக்கி எடுப்பதுதான் தொடக்கநிலை மொழிபெயர்ப்புகளைக் கெடுக்கிறது.

படி 3: நூலின் வகையைப் பார்த்தல்

சட்ட நூலில் டோம் வந்தால் தீர்ப்பு அல்லது சட்டவிதி என்றே தொடங்குங்கள். இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கெண்ட் நாட்டு அரசன் ஏத்தெல்பெர்ட்டின் சட்டங்கள் சுமார் 600ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டத்தொகுப்பு அதுதான். 12ஆம் நூற்றாண்டில் ரோச்செஸ்டரில் படியெடுத்த ஏட்டில் அதன் தலைப்பு ‘அகஸ்டின் காலத்தில் ஏத்தெல்பெர்ட் அரசன் நிறுத்திய டோமஸ் இவை’ என்று இருக்கிறது. பன்மை வடிவத்தைக் கவனியுங்கள். சட்ட நூலில் பன்மையில் வந்தால் அநேகமாக ‘சட்டவிதிகள்’தான். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் அரசன் தொகுத்த சட்ட நூலை ‘டோம்போக்’ என்றே அழைக்கிறார்கள்: டோம்களின் புத்தகம்.

ஆல்ஃபிரட்டின் முன்னுரை பயிற்சிக்கு மிக ஏற்றது. பைபிளின் யாத்திராகமத்தின் கட்டளைகளை அவர் ஆங்கிலத்தில் தருகிறார். லத்தீனில் ‘யூடிகியா’ (தீர்ப்புகள்) என்று இருக்குமிடத்தில் ‘டோமஸ்’ என்று போடுகிறார். பிறகு ஒரு வாக்கியம் வருகிறது: மிகச் சமமாகத் தீர்ப்புச் சொல், செல்வனுக்கு ஒரு டோம், ஏழைக்கு ஒரு டோம் என்று சொல்லாதே, வேண்டியவனுக்கு ஒன்று, வேண்டாதவனுக்கு வேறு என்றும் சொல்லாதே. இந்த வாக்கியத்தில் டேமன் என்ற வினையும் டோம் என்ற பெயரும் அருகருகே நிற்கின்றன. வினையும் அதே வேரில் பிறந்த பெயரும் இப்படிச் சேர்ந்து வந்தால் ‘தீர்ப்பு’ என்பதைத் தவிர வேறு தேட வேண்டாம்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் லத்தீன் மூலத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். புகழைக் குறிக்கும் ‘குளோரியா’ என்ற லத்தீன் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ‘வுல்டோர்’ என்ற சொல்லைப் போடுவார்கள். டோம் புகழைக் குறிப்பது முக்கியமாகக் கவிதையின் வழக்கு. உரைநடையில் அதைப் புகழ் என்று மொழிபெயர்க்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

படி 4: வினையையும் உருபையும் பார்த்தல்

பொருளைத் தீர்மானிப்பதில் இதுவே வலுவான கருவி. ஒரே கவிதையை வைத்து முழுதாகப் பார்க்கலாம். 991 ஆகஸ்டில் எசெக்ஸ் கடற்கரையில் மால்டன் அருகே ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகளோடு நடந்த போரைப் பற்றிய பாடல் 325 அடிகளோடு, தலையும் வாலும் இல்லாமல், நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் வைக்கிங் தூதன் ஆற்றங்கரையில் நின்று பேரம் பேசுகிறான். 38ஆம் அடியில் ‘ஒன் ஹிரா ஸில்ஃப்ரா டோம்’ என்று வருகிறது: அவர்கள் தாங்களே முடிவு செய்தபடி. அதாவது, கடலோடிகள் கேட்கும் தொகையைக் கொடுத்துச் சமாதானம் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். இங்கே டோம் என்பது தொகையை நிர்ணயிக்கும் உரிமை. 129ஆம் அடியில் அதே சொல் ‘டோம் யெஃபெயோஹ்டன்’ என்று வருகிறது: டேனியரோடு (அந்த வைக்கிங்குகளோடு) போரிட்டு டோம் வெல்ல விரும்புபவன். இது புகழ்.

தொண்ணூறு அடி இடைவெளியில் பொருள் அடியோடு மாறிவிட்டது. மாற்றியது பக்கத்தில் நின்ற சொற்கள். முதலாவதில் ‘ஒன்’ என்ற முன்னிடைச்சொல் இருக்கிறது, ‘தான், தங்கள்’ என்பதற்கான ‘ஸில்ஃப்’ என்ற சொல் ஆறாம் வேற்றுமையில் இருக்கிறது. இந்தச் சேர்க்கை வந்தால் ‘தன் விருப்பப்படி’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பியோவுல்ஃப் என்ற வீரனைப் பாடும், அவன் பெயரையே கொண்ட பழைய ஆங்கிலக் காவியத்திலும் 895, 2147 ஆகிய அடிகளில் இதே சேர்க்கை உண்டு. டிராகனைக் கொன்றவன் புதையலைத் தன் ‘டோமெ’ப்படி அனுபவித்தான் என்றால், யாரையும் கேட்காமல் இஷ்டம்போல் எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். நான்காம் வேற்றுமை மட்டும் வந்து முன்னிடைச்சொல் இல்லாமல் இருந்தாலும் ‘ஸெல்ஃபெஸ்’ இருந்தால் போதும்.

இரண்டாவதில் டோம் செயப்படுபொருள். வினையோ வெல்லுதல், ஈட்டுதல், பெறுதல் போன்ற ஒன்று. தீர்ப்பை யாரும் போரிட்டு ஈட்டுவதில்லை. பியோவுல்ஃப் 1387–88இல் தோழனை இழந்து கலங்கும் கிழ அரசனுக்கு நாயகன் சொல்வதும் இந்த வகைதான்: முடிந்தவன் சாவதற்கு முன் டோம் சம்பாதித்துக்கொள்ளட்டும். இங்கே ‘டோமெஸ்’ என்ற ஆறாம் வேற்றுமை வடிவம் வினையின் செயப்படுபொருளாக நிற்கிறது. சில வினைகள் செயப்படுபொருளை ஆறாம் வேற்றுமையில்தான் ஏற்கும். அதை அறியாமல் ‘டோமினுடைய’ என்று எழுதினால் வாக்கியம் நொண்டும்.

படி 5: மோனையைச் சாட்சிக்கு அழைத்தல்

கவிதைக்கு மட்டும் உரியது இது. பழைய ஆங்கில அடி இரண்டு பாதிகளாகப் பிரியும். இரண்டாம் பாதியின் முதல் அழுத்த அசைதான் தலைமை மோனை. முதல் பாதியில் ஒன்றோ இரண்டோ அழுத்த அசைகள் அதற்கு இசைய வேண்டும். தமிழ்ச் செய்யுளில் மோனை அழகு சேர்க்கும். அங்கே அது இல்லாவிட்டால் அடியே இல்லை.

இதனால் மொழியாராய்ச்சிக்குப் பெரிய லாபம். பியோவுல்ஃப் 954ஆம் அடியில் ‘உன் செயல்களால் உன் … என்றென்றும் வாழும்படி செய்துவிட்டாய்’ என்று இருக்கிறது. நடுவில் பெயர்ச்சொல் இல்லை, படியெடுத்தவர் விட்டுவிட்டார். முதல் பாதி ‘டேடும்’ (செயல்களால்) என்று தொடங்குகிறது. எனவே விடுபட்ட சொல் ‘ட்’ ஒலியில் தொடங்க வேண்டும், ஓரசையாக இருக்க வேண்டும், என்றென்றும் வாழக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பதிப்பாசிரியர்கள் ‘டோம்’ என்று நிரப்பி, பகர அடைப்புக்குள் போட்டிருக்கிறார்கள். பதிப்பில் அந்த அடைப்பைப் பார்த்தால், அந்தச் சொல் ஏட்டில் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை ஆதாரமாக வைத்து வேறு வாதம் கட்டக் கூடாது.

படி 6: கூட்டுச்சொற்களைப் பிரித்தல்

அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும் விதி ஒன்று உண்டு. டோமோடு சேர்வது இடம், பொருள், நாள் என்றால் தீர்ப்பு. ‘டோம்ஸெட்ல்’ நீதி இருக்கை, ‘டோம்ஹூஸ்’ நீதிமன்றம், ‘டோமெர்ன்’ விசாரணை மண்டபம் (பிலாத்துவின் அரண்மனையை நற்செய்தி மொழிபெயர்ப்பு இப்படித்தான் சொல்கிறது), ‘டோம்டை’ இறுதித் தீர்ப்பு நாள். சேர்வது பண்புச்சொல் என்றால் பெரும்பாலும் புகழ். ‘டோம்யெயோர்ன்’ புகழை விரும்புபவன், ‘டோம்ஃபஸ்ட்’ புகழில் நிலைத்தவன், ‘டோம்லேஅஸ்’ புகழற்ற. பியோவுல்ஃபின் இறுதியில் தலைவனை விட்டு ஓடியவர்களின் செயலை ‘டோம்லேஅஸ்’ என்று, ஓடாமல் உடன் நின்ற வீக்லாஃப் என்ற வீரன் இடித்துரைக்கிறான். அதைத் ‘தீர்ப்பில்லாத செயல்’ என்று எழுதினால் பொருளே கிடையாது. மானங்கெட்ட செயல் என்பதுதான் சரி.

படி 7: முடிவாகாத இடத்தை முடிக்காமல் விடுதல்

பியோவுல்ஃப் இறக்கும் 2820ஆம் அடியில் அவன் ஆன்மா ‘ஸோத்ஃபஸ்ட்ரா டோம்’ தேடிப் போனது என்று வருகிறது. ‘ஸோத்ஃபஸ்ட்ரா’ என்பது ‘உண்மையில் நிலைத்தவர்களுடைய’ என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மை. படி 3இன்படி பார்த்தால் கவிதை, புகழாக இருக்கலாம். படி 4இன்படி ‘தேடிப் போனது’ என்ற வினை இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆறாம் வேற்றுமையோ இரண்டு பக்கமும் வெட்டும்: நல்லவர்கள் பெறும் தீர்ப்பு என்றால் ஆன்மா மோட்சம் போயிற்று என்று கிறிஸ்தவப் பொருள் வரும். நல்லவர்கள் வழங்கும் தீர்ப்பு என்றால் மேன்மக்களின் நாவில் நிற்கும் புகழ், அதாவது பழைய வீரர் மரபின் பொருள் வரும். நாயகன் கிறிஸ்தவத்துக்கு முந்தைய உலகத்தவன், பாடியவர் கிறிஸ்தவர். இந்த இழுபறி காவியம் முழுவதும் உண்டு. இங்கே ஒரே சொல்லில் குவிந்துவிட்டது. தமிழில் ‘மெய்யோர் தீர்ப்பு’ என்று எழுதினால் இரண்டு வாசலும் திறந்தே இருக்கும். ‘புகழ்’ என்றோ ‘மோட்சம்’ என்றோ எழுதினால் கவிஞர் திறந்து வைத்ததை நாம் சாத்திவிடுகிறோம்.

1066க்குப் பிறகு வரும் ஏடுகளுக்கு

பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மானியர் வந்து 1066இல் இங்கிலாந்தை வென்றபின் நீதிமன்றங்கள் லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போயின. ‘ஜட்ஜ்’, ‘ஜட்ஜ்மென்ட்’ வந்து டேமெரெயையும் டோமையும் ஓரங்கட்டின. 1362இல் வாதங்களை ஆங்கிலத்தில் நடத்தச் சட்டம் வந்தபோது சட்டச் சொற்கள் பிரெஞ்சாகவே ஊறிவிட்டிருந்தன.

1085 கிறிஸ்துமஸில் குளோஸ்டரில் நார்மானிய அரசன் வில்லியம் ஆணையிட, 1086இல் நடந்த நிலக்கணக்கெடுப்பின் ஏட்டை ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்கிறோம். அது அரசு வைத்த பெயர் அல்ல. அதன் முடிவை மாற்றவே முடியாது, இறுதித் தீர்ப்பு நாளைப் போல என்பதால் மக்கள் அப்படி அழைத்தார்கள் என்று அடுத்த நூற்றாண்டின் அரசுக் கருவூல நூல் ஒன்றே விளக்குகிறது. பெயரின் நடுவில் ஒலிக்கும் ‘ஸ்’ படி 1இல் பார்த்த ‘டோமெஸ்’ உருபின் எச்சம்.

14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிடம் ‘என் டூமுக்கு’ என்று வந்தால் ‘என் கருத்தில்’ என்று மட்டுமே பொருள். தேவாலயச் சுவரில் ‘டூம்’ என்று குறிக்கப்படும் ஓவியம் இறுதித் தீர்ப்புக் காட்சி. அந்த நாளின் அச்சம் சொல்லில் படிந்து படிந்துதான் கேடு, அழிவு என்ற பொருள் வந்தது. 1600ஐ ஒட்டிய நூல்களில் பழைய பொருளும் புதிய பொருளும் கலந்தே வரும்; ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சட்டப் பொருள் முற்றிலும் சாகவில்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ‘மான்’ என்ற தீவின் நீதிபதிகளுக்கு இன்றும் ‘டீம்ஸ்டர்’ என்றே பட்டம். ஹெர்ரிங் மீனின் முதுகுமுள் அதன் நடுவில் இருப்பதுபோல் இரு தரப்புக்கும் நடுநிலையாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்துப் பதவி ஏற்கிறார்கள். சுவீடிஷ், நோர்வேஜிய மொழிகளில் ‘டொம்’ இன்றைக்கும் நீதிமன்றத் தீர்ப்பு.

பின்னொட்டாக வரும் டோம்

‘விஸ்டம்’, ‘ஃப்ரீடம்’, ‘கிங்டம்’ ஆகியவற்றின் வால் இதே சொல்தான். தனிச்சொல் ‘டூம்’ ஆனது; வால் மட்டும் ஏன் ‘டம்’ என்று குறுகியது? அழுத்தம் முதல் அசையில் விழுவதால் கடைசி அசையின் நெடில் முன்பே தேய்ந்துவிட்டது. நெடில்கள் இடம் மாறிய காலத்தில் மாறுவதற்கு அங்கே நெடில் இல்லை. ஜெர்மனின் ‘-டூம்’, டச்சின் ‘-டொம்’ இதன் உடன்பிறப்புகள்.

பழைய ஆங்கிலத்தில் இந்த ஒட்டு நிலையைக் காட்டும் (‘ஃப்ரேயொடோம்’, விடுதலை; ‘தேயொவ்டோம்’, அடிமைத்தனம்), ஆட்சியைக் காட்டும் (‘க்யுனெடோம்’, அரசுரிமை), சிலவேளை கையில் எடுக்கக்கூடிய பொருளையே காட்டும். ‘ஹாலிடோம்’ என்பது புனிதரின் எலும்பு போன்ற திருப்பொருள். மருத்துவ ஏடுகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘லேச்செடோம்’ என்பதை ‘மருத்துவம்’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். ‘லேச்செ’ மருத்துவர், லேச்செடோம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நோய்க்கான குறிப்பிட்ட ஒரு மருந்து. ‘வயிற்று வலிக்கு லேச்செடோமஸ்’ என்றால் அடுத்து மருந்து வகைகள் வரிசையாக வரப்போகின்றன.

நிலப்பரப்பைக் குறிப்பது இந்த ஒட்டுக்குப் பின்னாளில் வலுத்த பொருள். ‘கிரீஸ்டென்டோம்’ என்பது 10ஆம் நூற்றாண்டு ஏட்டில் வந்தால் அது கிறிஸ்தவ சமயம், அல்லது ஒருவர் கிறிஸ்தவராக இருக்கும் நிலை. ‘தன் கிரீஸ்டென்டோமைக் கைவிட்டான்’ என்றால் மதத்தை விட்டான் என்று பொருள். கிறிஸ்தவ நாடுகளை விட்டு எங்கேயும் போய்விடவில்லை.